கழற்றி வைத்த இரண்டு வருசம்

ஐம்பது வயதுக்கு மேற்படாதவராக இருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், எனக்கு ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது, அதனால் இரண்டு வருசத்தைக் கழற்றிப் பக்கத்து வீட்டுச் செல்லக்கனியிடம் கொடுத்துவிட்டு நான் நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கிற வளவில் ஆறு வீடுகளும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாயும், துணி காயப்போட ஒரு நீளக் கொடியும் உண்டு. அங்கே ஒரு வீட்டில் தாளிக்கிற வாசனை ஆறு வீட்டுக்கும் போகும், ஒரு வீட்டுச் சண்டை ஆறு வீட்டுக்கும் கேட்கும், ஆனால் ஒரு வீட்டில் ஒரு பொம்பளை சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அது மட்டும் எந்த வீட்டுக்கும் கேட்காது. என் வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி கேரளத்துக்கு வாழைத்தார் ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். ஒரு நாள் புனலூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சொந்தக்காரர்கள் மிச்சச் சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய பிறகு, என் வீட்டில் குரல் கொடுக்கக் குக்கர் மட்டும்தான் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேஸை மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன், மூடித்தான் இருக்கும், ஆனால் மூடியாச்சு என்று சொல்ல இன்னொரு ஆள் இல்லாததால் படுத்ததும் திரும்பவும் சந்தேகம் வந்துவிடும். இப்படியே இரண்டு வருசம் முடியப்போனது.

அந்த நேரத்தில்தான் எங்கள் வளவின் கடைசி வீட்டில் இருக்கிற ஜெபமணி டீச்சர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், நூலகத்துக்குப் போய்ப் பேப்பரைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். படிக்கிற பெண்பிள்ளைகள் தங்கும் ஒரு விடுதியில் ஆயா வேலை, முன்பு இருந்தவள் மகள் பேறுகாலத்துக்குப் போய்விட்டதால் பதினோரு மாதத்துக்கு மட்டும் தற்காலிகமாக ஆள் வேண்டும், ஏழாம் வகுப்புப் படித்திருந்தால் போதும், இரவும் பகலும் அங்கேயே தங்க வேண்டும், பிள்ளைகளோடு சாப்பிட்டு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்து, விளக்கை அணைத்துப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்க வேண்டும். டீச்சர் எழுதி வந்த துண்டை வாசிக்க வாசிக்க எனக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நாற்பது பிள்ளைகள் மூச்சு விடுகிற அறையில் நானும் ஒரு மூலையில் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கலாம் என்பதுதான் என் காதில் விழுந்தது. டீச்சர் வயது வரம்பைச் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது எங்கள் எல்லாருக்கும். பேப்பரில் அதற்குக் கீழேயும் இரண்டு வரி இருந்ததாம். ஐம்பது என்று பார்த்ததுமே டீச்சர் மனசு விட்டுப்போய் அதைப் படிக்காமல் வந்துவிட்டாள்.

குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நான் புலம்பினேன். பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற செல்லக்கனி அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்; என்னை விடப் பத்து வயது சின்னவள், என்னை மைனி என்று கூப்பிடுவாள், என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பாள்.

“ரெண்டே ரெண்டு வருசம் இடிக்கு. அதுக்கு ஏன் மைனி இந்த அழுகை? கழட்டி வச்சிட்டுப் போங்க” என்றாள்.

“கழட்டி வைக்க அது என்னட்டி, வளையலா?”

“வளையல் இறுகிட்டா சோப்புப் போடுதோம்லா? கையைக் கொண்டாங்க.”

அவள் விளையாட்டாகத்தான் என் கையை இழுத்து முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் துணி சோப்பைத் தேய்த்தாள். கடைசி வருசம் ஒரே தேய்ப்பில் வழுக்கிக்கொண்டு வந்து குழாயடிச் சிமெண்டில் தொப்பென்று விழுந்தது. அதற்கு முந்தினது மணிக்கட்டில் ஓர் இடத்தில் கொஞ்சம் சிக்கி, பிறகு அதுவும் வந்துவிட்டது. பிழியாத ஜமுக்காளம் போல இருந்ததாம். சாம்பல் நிறம், தூக்க முடியாத கனம், எவ்வளவு முறுக்கினாலும் தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லையாம்.

வளவில் இருந்த மற்றவர்களும் உடனே வரிசையில் வந்து கையை நீட்டினார்கள். முதல் வீட்டுக்காரருக்குப் போலீஸ் தேர்வில் தோற்ற வருசத்தைக் கழற்ற ஆசை, இன்னொருத்திக்கு மாமியார் படுக்கையில் கிடந்த வருசத்தை. ஒரு கட்டி சோப்பு கரைந்தும் ஒருத்தருக்கும் வரவில்லை. டீச்சர் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “உங்க வருசத்துக்குள்ள வேற யாராவது இருந்து பிடிச்சிக்கிட்டிருக்காக. மாமியா பிடிச்சிருக்கா, புள்ளை பிடிச்சிருக்கு. உலகம்மா வருசத்துல அவளைத் தவிர யாருமில்ல. அதான் வழுக்கிட்டு.” அதைக் கேட்டு எல்லாரும் நீட்டின கையை மடக்கிக்கொண்டார்களாம்.

இருந்ததாம், மடக்கிக்கொண்டார்களாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த நேரம் நான் அங்கே நின்றிருந்தும் வேறு ஒரு கவலையில் இருந்ததுதான். கையைத் துடைத்துக்கொண்டே செல்லக்கனியிடம் கேட்டேன்:

“ஏட்டி, மணி என்ன? அவுக லோடு இறக்கிட்டு வந்துருவாக. நான் இன்னும் மீன் வாங்கல.”

இரண்டு வருசத்தையும் கழற்றியபோது புனலூர் டீக்கடை பெஞ்சும் அதோடு போய்விட்டது என்பதை அப்போதுதான் வளவு தெரிந்துகொண்டது. டீச்சர்தான் சமாளித்தாள். “இன்னைக்கு வரமாட்டாராம் உலகம்மா. போன் வந்துச்சு. கொல்லத்துல லாரி நிக்காம்.”

“நிக்கட்டும், நிக்கட்டும். வண்டி நின்னா சாப்பாடாவது நேரத்துக்குச் சாப்பிடுவாக” என்றேனாம்.

அதன் பிறகு வளவு அந்தக் காரியத்தை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுச் சுவரில் மாலை போட்டுச் சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்த அவர் படத்தை நான் கடைக்குப் போன நேரத்தில் கழற்றி டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய், வேத வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி, பல்பை அணைக்கவும் மனம் வராமல் எரியவிட்டார்கள். கழுத்தைத் தடவிப் பார்த்து என் தாலி எங்கே என்று நான் பதறியபோது, உருப்படி தேய்ந்துவிட்டதென்று ஆசாரியிடம் கொடுத்திருப்பதாகச் செல்லக்கனி சொன்னாள். அதுவரை வெறுங்கழுத்தாக இருக்கக் கூடாது என்று நான் சொல்ல, அவளே ஒரு மஞ்சள் கயிறு வாங்கிவந்து மஞ்சள் துண்டை முடிந்து கொடுத்தாள். அதற்குக் குழாயடியில் பெரிய வழக்கு நடந்தது.

“இது அடுக்குமா? செத்தவருக்குக் கயிறு கட்டி விடுதியே?”

“அப்ப நீங்க போய் மைனிகிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க பாப்போம்.”

சொல்ல ஒருத்தரும் வரவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்து ஒரு பங்கை மூடி வைத்துவிட்டு நான் படுப்பேன். விடிவதற்குள் செல்லக்கனி பின்வாசல் வழியாக வந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அவுக வந்து சாப்பிட்டுவிட்டு என்னை எழுப்பாமல் போய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். வளவுக்குச் சொந்தக்காரர், கழற்றி வைத்த வருசத்துக்குத் தனியாக வாடகை உண்டா என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தார், தண்ணீர் சொட்டிச் சுவர் ஊறுகிறது என்றார், பிறகு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்த் தன் பெண்சாதிக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தார். அந்த வருசத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, சோறு விறைத்துவிடுகிறது என்று தெரிந்தது. அதைத் தொட்ட கையோடு பிள்ளைகளைத் தூக்கினால் அவை அழாமல் சுவரைப் பார்க்கின்றன என்று தெரிந்தது. இதெல்லாம் குழாய்த் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்பதைப் போல வளவில் எல்லாருக்கும் பழகிப்போனது. என் ஆதார் அட்டையிலும் பள்ளிக்கூடத்துச் சான்றிதழிலும் வருசம் தானாக இரண்டு தள்ளி நின்றது. டீச்சர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் ஒரு தடவை பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலங்களில் டீச்சர் வீட்டில் எனக்குத் தயாரிப்பு நடந்தது. டீச்சர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவாள், செல்லக்கனி அதிகாரி மாதிரி இருமுவாள், நான் வெளியே போய் நின்று உள்ளே வரலாமா என்று கேட்டு வர வேண்டும்.

“உட்காருன்னு சொன்ன பொறவு உட்காரு உலகம்மா. இப்படி நுனியில குந்தாதே, நல்லாச் சாஞ்சு உட்காரு. உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“எங்க வீட்டுக்காரர் லாரி டிரைவர். காரம் அவ்வளவா சேர்க்க மாட்டாக…”

“உன்னைப் பத்தி.”

“அதான் டீச்சர் சொல்லுதேன். நான் அவுகளுக்குத் தனியாக் காரமில்லாமக் குழம்பு வைப்பேன்.”

செல்லக்கனி சிரிக்க மாட்டாள். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் அவள். என் இரண்டு வருசத்தையும் அவள் தன் வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அது வந்ததிலிருந்து மத்தியான வேளைகளில் தையல் மிஷின் சத்தம் நின்றுபோனது, அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள், கேஸை மூடினோமா என்று எழுந்து எழுந்து போனாள், அவள் புருசன் இவளுக்கு யாரோ என்னமோ வைத்துவிட்டார்கள் என்று வளவுக்காரரிடம் சொன்னான். நானோ எடையில்லாமல் நடந்தேன். அந்த வருசங்கள் இருந்த இடம் பல் விழுந்த இடம் போல இருந்தது, நாக்கு அடிக்கடி போய்த் தடவிவிட்டு வரும், வலி ஒன்றும் இல்லை.

நேர்முகத் தேர்வு அன்று வளவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. விடுதியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு அம்மா. நான் வரலாமா என்று கேட்டு வந்தேன், சொன்ன பிறகு உட்கார்ந்தேன், சாய்ந்து உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். கோபம் வருமா என்று கேட்டார்கள், பேச ஆள் இருந்தால் வராது என்றேன், நடுவில் இருந்த அம்மா சிரித்தார். பிறகு, “கணவர்?” என்றார்.

“லாரி ஓட்டுதாக. வெள்ளிக்கிழமை வந்துருவாக.”

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. “இது ராத்திரி தங்குற வேலை. ஆதரவில்லாத கைம்பெண்களுக்குத்தான் முன்னுரிமைன்னு விளம்பரத்துலயே போட்டிருந்தோமே, நீங்க பாக்கலியா? ஆள் இன்னும் அமையல, அடுத்த வாரமும் கூப்பிடுறோம். ஆனா உங்களை எடுக்க முடியாதும்மா. உங்களுக்கு வீடு இருக்கு, அவர் இருக்கார். நல்லா இருங்க.”

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். வளவில் எல்லாரும் எதிர்பார்த்து நின்றார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

“விதவைகளுக்குத்தானாம் அந்த வேலை” என்று சிரித்தேன். “வேலை போனாப் போகுது, நான் கொடுத்து வச்சவ. அவுக நல்லா இருக்காகல்லா, அது போதும். பாவம், அந்த வேலைக்கு எவ வரப்போறாளோ. ராத்திரி அவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?”

குழாயில் தண்ணீர் வந்து குடம் நிரம்பி வழிந்தது, அதை நிறுத்த யாரும் குனியவில்லை. செல்லக்கனி என் முகத்தைப் பார்த்தாள், திரும்பி விறுவிறென்று தன் வீட்டுக்குள் போனாள், சொட்டச் சொட்ட அந்த இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“ஏட்டி, இப்ப வேண்டாம்ட்டி” என்றாள் டீச்சர்.

“என்னால முடியல டீச்சர். இதை ரெண்டு வருசம் எப்படித்தான் தூக்கிட்டு நடந்தாகளோ. நாம இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருந்தோம்? ஒரு நாளு போய் என்ன மைனின்னு கேட்டோமா? மைனி, கையைக் கொண்டாங்க.”

போடும்போது சோப்பு தேவைப்படவில்லை. அது தானாக ஏறிக்கொண்டது. விரலில் தொடங்கி முழங்கையைத் தாண்டித் தோளுக்கு வந்தபோது புனலூரில் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தபடியே இருந்தார், நான் குழாயடியில் உட்கார்ந்தேன், கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை என் கையே பிடித்து அறுத்தது. முதல் தடவை அவர் இறந்தபோது ஊர்ப் பொம்பளைகள் கூடி அழுதார்கள், அதில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை நான் மட்டும் அழுதேன், செல்லக்கனி என் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள். கொல்லத்தில் லாரி நிற்பதாகச் சொன்ன டீச்சர் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளேதான் வந்தாள். வந்து, என் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு, கணக்குப் போடுகிற மாதிரி பேசினாள். வயது குறைய வேண்டும், ஆனால் அவர் இறந்தது குறையக் கூடாது. அப்படியானால் அவர் உயிரோடு இருந்த வருசத்திலிருந்துதான் இரண்டைக் கழற்ற வேண்டும்.

“வேண்டாம் டீச்சர்.”

“அடுத்த வாரம் கூப்பிடுறாகன்னு நீதானே சொன்ன. பதினோரு மாசந்தான். முடிஞ்சதும் வந்து மாட்டிக்க. எங்கயும் போயிராது.”

அந்த இரண்டு நாளில் நான் நாற்பது தடவையாவது எழுந்து கேஸைப் பார்த்திருப்பேன். சரி என்றேன். எதைக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. கல்யாணமான வருசத்தைக் கொடுக்க முடியாது. திருச்செந்தூருக்கு லாரியிலேயே என்னைக் கூட்டிப்போன வருசத்தையும் கொடுக்க முடியாது. கடைசியில் அவருக்குக் கால் ஒடிந்த வருசத்தையும் அதற்கு அடுத்ததையும் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்த இரண்டும் இப்போது என்னிடம் இல்லாததால், வளவில் உள்ளவர்கள் சொல்வதை வைத்துத்தான் சொல்கிறேன். வாழைத்தார் ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து அவருக்குத் தொடை எலும்பு ஒடிந்ததாம், இரண்டு வருசம் வண்டி ஏற முடியாமல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடந்தாராம், நான் கல்யாண மண்டபங்களில் காய் வெட்டப் போனேனாம், ஒருவேளைச் சோறுதான் வெந்ததாம். கஷ்டகாலம், போனால் போகட்டும் என்று நானேதான் சொன்னேனாம். வளவு முழுக்க அதுதான் சரி என்றது. நல்லதையெல்லாம் வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் கொடுக்க யாருக்குக் கிடைக்கும் என்றார்கள்.

ஆனால் அது வரவில்லை. சோப்பு போட்டார்கள், வரவில்லை. தேங்காயெண்ணெய் தேய்த்தார்கள், வரவில்லை. செல்லக்கனி என் விரலைப் பிடித்து இழுக்க, டீச்சர் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்க, அந்த வருசத்துக்குள்ளிருந்து யாரோ என் கையை இறுகப் பிடித்திருப்பது போல இருந்ததாம் எல்லாருக்கும். “கஷ்டம் இப்படியா ஒட்டும்?” என்று நான் கேட்டேனாம். ஒரு பகல் முழுக்க இழுத்து, மணிக்கட்டில் தோல் உரிந்து, சாயங்காலம் போல ஒருவழியாக வந்தது, அதையும் செல்லக்கனியே வாங்கி வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. வளையலைத் தள்ளிவிட்டு அதை நான் பார்ப்பேன். பார்த்து ஒன்றும் தெரியாது.

அடுத்த வாரம் அதே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

“போன வாரம் கணவர் இருக்கார்னு சொன்னீங்களே?”

“போன வாரம் எனக்கு ஞாபகமில்லம்மா. இறந்துட்டாக. இதோ சான்றிதழ்.”

அவர் சான்றிதழைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தார். “இன்னைக்கே தங்க முடியுமா?” என்றார்.

விடுதியில் நாற்பது பிள்ளைகள் இல்லை, முப்பத்தாறு பேர்தான். விளக்கை அணைத்தால் முப்பத்தாறு மூச்சும் கேட்கிறது. நான் கேஸைப் பற்றி நினைப்பதில்லை. இங்கே அடுப்பைப் பூட்டுகிறவர் வேறு ஆள், “பூட்டியாச்சு உலகம்மா” என்று தினமும் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைகள் என்னை ஆயாம்மா என்கிறார்கள், தலை பின்னிவிடச் சொல்கிறார்கள், வீட்டு ஞாபகம் வந்தால் என் பாயில் வந்து படுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தி, சின்னப் பிள்ளை, ஒரு நாள் கேட்டாள், “ஆயாம்மா, உங்க வீட்டுக்காரர் எப்படி இருப்பார்?” லாரி ஓட்டுவார், காரம் சேர்க்க மாட்டார் என்றேன். “அப்பறம்?” என்றாள். அப்பறம் என்று நானும் யோசித்தேன். அவர் எப்போதும் வண்டியில் போய்க்கொண்டே இருந்தார், வந்து சாப்பிட்டுத் தூங்கிப் போனார், நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு பகல்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருசம் நான் யாருக்காக அழுதேன் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு லீவு. போன லீவுக்கு வளவுக்குப் போனேன். என் வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுச் செல்லக்கனி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தையல் மிஷின் சத்தமும் அவள் பாடுகிற சத்தமும் கேட்டது. அவள் முகம் பளிச்சென்று இருந்தது. வயசு குறைந்த மாதிரி இருந்தாள், குறைந்தது நான்தான் என்றாலும். பேசிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தவள் திடீரென்று தனக்குத்தானே குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

“என்னட்டி சிரிக்க?”

“ஒண்ணுமில்ல மைனி. அண்ணாச்சி அந்த வாக்கரை வச்சிக்கிட்டு…” என்று தொடங்கியவள் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டாள். ஊசி அவள் கையில் அப்படியே நின்றது.

அந்த இரண்டு வருசத்தையும் நான் பார்க்க வேண்டும் என்றேன். அவள் பீரோவைத் திறந்து எடுத்துவந்தாள். சொட்டவில்லை. வெயிலில் காய்ந்து அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த வேட்டி மாதிரி இளஞ்சூடாக, கனமே இல்லாமல் இருந்தது. மடியில் வைத்து முகர்ந்து பார்த்தேன். எலும்பு முறிவுக்குப் போடுகிற எண்ணெய் வாசனை வந்தது, அதற்கு அடியில் வறுத்த கடலை வாசனை வந்தது. யாரோ கடலை உரித்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்த வீட்டின் வாசனை. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

“நாம எல்லாரும் தப்பாச் சொல்லிட்டோம் மைனி” என்றாள் செல்லக்கனி. “கஷ்டகாலம்னு சொன்னோம். சோறு இல்லாமத்தான் இருந்திருக்கிய. ஆனா அவுக வீட்டுல இருந்தாகளே மைனி, ரெண்டு வருசமும் வீட்டுலயே இருந்தாகளே. எங்களுக்கு வெளியிலிருந்து என்ன தெரியும்? நீங்களும்தான் மறந்துட்டிய. மாட்டிக்கிடுதியளா? இப்பவே மாட்டிரட்டுமா?”

மாட்டினால் எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிவிடும், அட்டையிலும் ஆகிவிடும், விடுதியில் சின்னப் பிள்ளை இன்றைக்கு யார் பாயில் படுக்கும். மாட்டினால் அந்த வாசனைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும், தெரிந்துகொண்டு நான் இந்த வளவில் ஒரு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பேன். மடியில் இருந்ததைத் தடவிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

“வேண்டாம்ட்டி. பதினோரு மாசமும் முடியட்டும்.”

“அப்பன்னா நான் சொல்லட்டுமா? அவுக என்ன சொன்னாகன்னு, என்ன செஞ்சாகன்னு சொல்லுதேன். கேளுங்க மைனி.”

எனக்குக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அவள் வாயும் சொல்லத் துடித்தது.

“வேண்டாம். உன் வாயால கேட்டா அது உன் கதையாயிரும்ட்டி. நான் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி உம் கொட்டிட்டு இருக்கணும். அப்படியே மடிச்சு வை. பத்திரமா வச்சிரு. சிரிப்பு வந்தா நல்லாச் சிரி, வீணாப் போக வேண்டாம்.”

அவள் வாங்கிக்கொண்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். வாசல்வரை வந்தாள். நான் தெருவுக்கு இறங்கி நடந்தேன். விடுதிக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்தில் ஒரே ஒருவர்தான் பேப்பரை வைத்து விசிறிக்கொண்டு நின்றிருந்தார். வாக்கரை வைத்துக்கொண்டு ஒரு மனுசர் என்ன செய்திருந்தால் அப்படிச் சிரிப்பு வரும் என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே செல்லக்கனி சிரித்தது போலவே தோளைக் குலுக்கி, வாயைத் திறந்து, சத்தமாக ஒரு தடவை சிரித்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.